கடாரம் பார்க்கப் போனால் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்

தமிழகத்திலிருந்து யார் பினாங்குக்கு வந்தாலும், தண்ணீர்மலைக் கோயிலையும் கொடிமலையையும் பார்த்து முடித்த கையோடு, "கடாரம் இங்கே பக்கத்தில்தானே? கூட்டிப் போகிறீர்களா?" என்று கேட்டுவிடுவார்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் மலேசியா விசா விலக்கு கொடுத்தது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் தொடங்கியது. அதன் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி காதில் விழுகிறது. நான் பினாங்கின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பழைய கடாரம் இருந்த கெடா மாநிலம் எங்களுக்கு ஆற்றுப் பாலம் ஒன்றைத் தாண்டினால் வந்துவிடும். அதனால் உறவுக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன்.

அந்தப் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலையில் காடியில் கிளம்புவோம். மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பார்ப்போம். பக்கத்தில் இருக்கும் கோயில் அடித்தளத்தின் முன்னால் நின்று படம் எடுப்போம். யாராவது ஒருவர் இராஜேந்திர சோழனைப் பற்றி உணர்ச்சியோடு இரண்டு வார்த்தை பேசுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பினாங்கு திரும்பி, லிட்டில் இந்தியாவில் வாழையிலை முன்னால் உட்கார்ந்துவிடுவோம். சங்கங்கள் ஏற்பாடு செய்யும் பஸ் பயணங்களும் இப்படித்தான். சாப்பாட்டுப் பொட்டலம்கூடப் பினாங்கிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பெருமையைச் சுமந்துகொண்டு வருகிறவர்களால் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கிற ஒரு குடும்பத்துக்கும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) வருமானம் கிடையாது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் அங்கே என்னதான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வடக்கே ஜெராய் மலை, சுமார் 1,200 மீட்டர் உயரம். தெற்கே மூடா ஆறு. இரண்டுக்கும் நடுவில் மெர்போக் ஆறு அகன்ற கழிமுகமாகக் கடலில் கலக்கிறது. பூஜாங் என்பது அந்த மெர்போக்கில் வந்து சேரும் சின்ன ஆறு. பள்ளத்தாக்கின் பெயர் அதிலிருந்து வந்தது. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே கண்ணில் பட்டது ஜெராய் மலைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்க இடம், சாப்பாடு, கும்பிடக் கோயில், கப்பலைச் செப்பனிட ஆட்கள் எல்லாம் வேண்டுமே. வந்தவர்களைத் தங்கவைத்தே வளர்ந்த ஊர் அது. இன்றைக்கு அங்கே யாரும் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் கோயிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம் மனைவியோடு வந்து இந்தப் பள்ளத்தாக்கின் இடிபாடுகளைத் தோண்டி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். அவர் வரிசையில் இது எட்டாம் எண். பிறகு அலஸ்டர் லாம் என்பவர் தலைமையில் 1960 வாக்கில் இந்தக் கோயிலை அதே இடத்தில் மீண்டும் கட்டி நிறுத்தினார்கள். விமானம் இருந்த சதுர மேடை, அதற்கு முன்னால் மண்டபத்தின் நீண்ட மேடை. மண்டபத்தில் தூண் அடிக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கல்லின் நடுவிலும் மரத்தூணைச் செருகக் குடைந்த குழி. மழை பெய்து விட்டிருந்தால் அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். தூணும் கூரையும் மரத்தால் ஆனவை. அதனால் மேலே இருந்தது எல்லாம் மக்கிப் போய், கல்லும் அடித்தளமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அடிவாரத்தில் புதைத்து வைத்திருந்த குழிகள் குடைந்த கல் பேழைகளும் கிடைத்தன. பக்கத்திலேயே மலையிலிருந்து ஓடை இறங்கி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் குளித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைக் கடந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டு, அதே வழியில் திரும்பிவிடுவார்கள்.

இது ஒரு கோயில்தான். பள்ளத்தாக்கு முழுவதும் 50க்கும் மேற்பட்ட இடிபாடுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது பினாங்கிலுள்ள யு.எஸ்.எம்., 2009 முதல் நடத்திய அகழ்வாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், காற்றூதும் மண் குழாய்களும், செங்கல்லில் கட்டிய படகுத்துறைகளும் வெளிவந்தன. அவற்றின் மிகப் பழைய காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. ஆனால் அங்கே பல நூற்றாண்டுகள் பெரிய அளவில் இரும்புத் தொழில் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவில், கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, படகுத்துறையைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும். ஆறு வண்டல் கொண்டு வந்து கொட்டியதில் கரை அவ்வளவு தூரம் விலகிவிட்டது.

சரி, இராஜேந்திரனுக்கு வருவோம். 1025 வாக்கில் அவனுடைய கடற்படை கடாரத்தைத் தாக்கியது. தஞ்சைக் கல்வெட்டு அதைப் பெருமையோடு சொல்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நாம் அந்த ஒரு படையெடுப்பை மட்டும் பேசிவிட்டு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்னால், கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்ட, இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதிக் கொடுத்தான். இன்னும் முன்னால், ஏழாம் நூற்றாண்டில், சீனத் துறவி யிஜிங் நாளந்தாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிக் கப்பல் ஏறினார். அதற்கும் முன்னால், ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில், புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வெட்டிய கல்வெட்டு, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடபகுதியில் கிடைத்தது. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1834இல் கண்டெடுத்தார். அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வியாபாரம், பௌத்தம், சைவம், இரும்பு, கண்ணாடி மணி, சீனப் பீங்கான் எல்லாம் கலந்து வாழ்ந்த துறைமுகம் அது. அங்கே போய் நின்றுகொண்டு "இது எங்கள் நிலம்" என்று உரக்கப் பேசுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது. அப்படிப் பேசுகிறவர்களைப் பக்கத்தில் நின்று கேட்கும் மலாய்க் குடும்பங்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் நெல் நட்டவர்கள், அந்த ஆற்றில் மீன் பிடித்தவர்கள். அவர்களுக்கும் அந்தக் கற்கள் சொந்தம். நாம் அதைச் சொல்லாமலே விட்டால் அவர்கள் எதற்கு அவற்றைக் காக்க வேண்டும்?

2013இல் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுங்கை பத்துப் பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயில் இடிபாட்டை இங்கே சண்டி என்பார்கள்), வீடமைப்புக்காக நிலம் திருத்தும்போது இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளியில் வந்தபோது பினாங்கே கொதித்தது. அப்போது மாநிலத்தின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் இராமசாமி அதை நாடறியச் செய்தார். நிலம் தனியாருக்குச் சொந்தம், அந்த இடம் அரசிதழில் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்படவில்லை என்றார்கள். தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் பட்டியலில் ஏறாத கல்லுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனது.

அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. இடித்தது முன்னதாகவே நடந்துவிட்டது, செய்தி வெளிவரத்தான் நாளானது. புல்டோசர் வந்த அன்றைக்கே சாலையோரத்தில் ஒரு ஒட்டுக்கடைக்காரரோ, ஒரு வழிகாட்டியோ, சைக்கிள் வாடகைக்கு விடும் ஒரு பையனோ "ஐயோ, என் பிழைப்பு" என்று ஓடி வந்திருந்தால்? அந்தக் கோயிலைக் காட்டி அங்கே யாரும் சம்பாதிக்கவில்லை. அதனால் அது போவதைத் தடுக்க உடனே ஓடிவர அங்கே ஆளும் இல்லை. கல்லுக்குக் காவலாக வேலியும் அறிவிப்புப் பலகையும் போதாது. அதைச் சுற்றி வாழ்கிறவர்களின் அடுப்பு அதனால் எரிய வேண்டும்.

அந்த அடுப்புகளின் நிலைமை என்ன? பள்ளத்தாக்கில் இருக்கும் செமெலிங் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடை அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பால்மர (ரப்பர்) தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டத்தின் ஒரு பக்கம் வீடமைப்புக்குப் போனது. சனங்கள் பீடோங்குக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் சிதறினார்கள். அவருடைய மகள் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். அருங்காட்சியகத்துக்கு வரும் பஸ்களைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடியே ஒரு போன் அடிச்சா ஐம்பது பேருக்கு ஆக்கி வெச்சிருவேன் தம்பி. திடீர்னு வந்து நின்னா எங்கேருந்து போடுறது? அதான் யாரும் நிக்கிறதில்ல" என்றார். பிரச்சினை எவ்வளவு சின்னது பாருங்கள், ஒரு போன். அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அதே செமெலிங்கில் படகுத்துறை இருக்கிறது. மெர்போக் ஆற்றின் சதுப்புநிலக் காடு நாட்டிலேயே பலவகைக் கண்டல் மரங்கள் செறிந்த இடங்களில் ஒன்று. படகோட்டும் மலாய்ப் பாக்சிக் (மாமா) ஒருவர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். கிளை ஓடை ஒன்றில் திரும்பியதும் இயந்திரத்தை நிறுத்தினார். வேர்களுக்கு நடுவில் சேற்றில் நண்டுகள் ஓடும் சத்தம் கேட்டது. கையை நீட்டி, "எங்க தாத்தா காலத்துல சுங்கை பத்து வரைக்கும் பெரிய படகு போகும்" என்று மலாயில் சொன்னார். தூண்டில் போடுகிறவர்கள்தான் தன் வாடிக்கையாளர்கள், அருங்காட்சியகத்துக்கு வருகிற பஸ் எதுவும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றார். கடாரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த ஆற்று வழியாகத்தானே வந்தார்கள்! ஆற்றைப் பார்க்காமல் பார்த்த கடாரம் என்ன கடாரம்?

இதற்கு மாநில எல்லையும் ஒரு காரணம். 1800 வரை மூடா ஆற்றின் இரண்டு கரையும் கெடா சுல்தானுடையவைதான். அந்த ஆண்டு தென்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள், அது பினாங்கோடு சேர்ந்தது. இன்றைக்குப் பினாங்கு விளம்பரப் புத்தகம் ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறது, கெடாவின் விளம்பரமோ லங்காவித் தீவுக்குப் போய்விடுகிறது. தென்கரையில் குவார் கெப்பாவில் 2017இல் கற்கால எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதைப் பார்க்க வருகிறவருக்கு, ஆற்றைத் தாண்டினால் இன்னொரு பெரிய கதை இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். வரலாறு தெரிந்தவர்களுக்கு அது ஒரே பள்ளத்தாக்கு.

யுனெஸ்கோ பட்டியலில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் ஏறியது. பூஜாங்கும் ஏற வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுன்காரர்களைக் கேளுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது 2000இல், யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது 2008இல். கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தார்கள், கஃபேக்கள் வந்தன, ஹோட்டல்கள் வந்தன. வாடகை ஏறியது. இரண்டு மூன்று தலைமுறையாகக் கடைவீட்டு மாடியில் குடியிருந்தவர்கள், கீழே தையல் கடையும் மாவு மில்லும் வைத்திருந்தவர்கள், ஒவ்வொருவராக ஆயிர் ஈத்தாமுக்கும் பெருநிலத்துக்கும் மாறிப் போனார்கள். பயணிகள் பார்க்க வந்த வாழ்க்கை பயணிகளாலேயே இடம்பெயர்ந்தது. பூஜாங்கில் இது நடக்கக் கூடாது என்றால், பெரிய ஹோட்டல் வருவதற்கு முன்பே உள்ளூர் வீடுகள் தயாராக வேண்டும். இந்த நாட்டில் அரசாங்கத்தின் ஹோம்ஸ்தேத் திட்டம் 1995இலிருந்து இருக்கிறது. கம்பத்து (கிராமத்து) வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, காலையில் அவர்களோடு ஆற்றுக்குப் போகும் முறை புதிது அல்ல. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வழிகாட்டி வேலைக்கு உரிமம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. நகரத்து வழிகாட்டிகளுக்கு நீல அட்டை. குறிப்பிட்ட ஓர் இடத்தின் இயற்கையைக் காட்டும் உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பச்சை அட்டை, அதற்கான பயிற்சி குறுகியது. மெர்போக், செமெலிங், தஞ்சோங் டாவாய்ப் பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவது ஒரு சங்கத்துக்குப் பெரிய செலவா? பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவழிக்கும் தொகையில் ஒரு பிள்ளைக்குத் தொழில் அமைத்துக் கொடுத்துவிடலாம்.

இதில் ஐம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நான் குறிப்பாக நினைக்கிறேன். ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கல்வி அமைப்பு உருவாக்கிய பல்கலைக்கழகம், இருப்பது இதே செமெலிங்கில். தமிழ் பேசும் மாணவர்கள் அங்கே எத்தனையோ பேர் படிக்கிறார்கள். மருத்துவமும் மருந்தியலும் படிக்க வந்த பிள்ளைகள்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கோயிலைச் சுற்றிக் காட்ட பத்துப் பேர் முன்வந்தால் போதும், நிலைமை மாறிவிடும். உள்ளூர் மலாய்ப் பிள்ளை ஆற்றைக் காட்டட்டும், தமிழ்ப் பிள்ளை கல்வெட்டுக் கதையைச் சொல்லட்டும், இரண்டு பேரும் சேர்ந்து அழைத்துப் போகட்டும். அப்படி ஒரு ஜோடி நின்று பேசுவதைக் கேட்டால், நாகப்பட்டினத்திலிருந்து வந்தவருக்கும் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தவருக்கும் அந்த இடம் சரியாகப் புரியும்.

அப்புறம் தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்து மீனவ ஊர். நெத்திலி காயப்போட்டிருக்கும் தட்டிகளும், பெலாச்சான் (இறால் விழுது) வாசனையும், உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊறவைத்த பெக்காசாம் மீனும் ஊர் முழுக்க இருக்கும். தமிழ்நாட்டு விருந்தாளிகளை நான் அங்கே கூட்டிப் போனால் கருவாட்டுக் கடையை விட்டு நகரவே மாட்டார்கள். அங்கே பேரம் பேசும்போது மொழி ஒரு தடையாகவே இருப்பதில்லை. அந்த ஊரில் செலவாகும் காசு அன்றைக்கே ஒரு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. எனக்குத் தெரிந்து பள்ளத்தாக்கில் பயணிகளின் காசு நேராக உள்ளூர்க் கைக்குப் போகும் இடம் இதுதான். அருங்காட்சியகத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவில் ஒரு வேன் ஓடினால், நடுவில் இருக்கும் கம்பங்களும் கொஞ்சம் நிமிரும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கண்டறிந்த எல்லா இடிபாடுகளையும் அரசிதழில் ஏற்ற வேண்டும், சுங்கைப்பட்டாணி ரயில் நிலையத்திலிருந்து ஒழுங்காக ஒரு பஸ் விட வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்காமல் நம்மால் ஆனதை நாம் தொடங்கலாம். தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிற குடும்பங்கள் கூட ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

பட்டர்வொர்த்தில் காலையில் கொமுட்டர் ரயில் ஏறுங்கள். சுங்கைப்பட்டாணியில் இறங்கிப் பசியாறுங்கள். அங்கிருந்து மெர்போக் சுமார் 20 கிலோமீட்டர், கிராப் டாக்சி எடுத்துக்கொள்ளலாம். நான்கைந்து பேர் என்றால் உள்ளூர் வேன் பேசிக்கொள்வது லாபம். வெயில் ஏறுவதற்குள் சுங்கை பத்து, பிறகு அருங்காட்சியகம், கோயில். பிள்ளைகளை ஓடையில் இறங்க விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் செமெலிங்கில் முதல் நாளே சொல்லி வையுங்கள், கோழிப் பிரட்டல் வேண்டுமா மீன் குழம்பு வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் படகு, தண்ணீர் ஏற்றத்தைப் பாக்சிக்கிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் இரவு ஒரு கம்பத்து வீட்டில் தங்கி, மறுநாள் தஞ்சோங் டாவாயில் கருவாடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அன்றே திரும்ப வேண்டும் என்றால் கடைசி கொமுட்டர் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.